பையும் பாட்டாளியும்

"பையை வெளியே வை!"

பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் எந்த மைதானத்து வாசலுக்கும் போய் நில்லுங்கள் தோழர்களே, இந்தக் கட்டளைதான் முதலில் காதில் விழும். சீட்டு இருக்கிறதா என்பது பிறகு. ஆள் யார் என்பது அதற்கும் பிறகு. கையில் பை இருக்கிறதா? இருந்தால் உள்ளே விட முடியாது!

சென்ற ஆண்டு அப்படியொரு வாசலில் நாம் நின்றோம். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். எல்லா ஊரிலும் இதே கதைதான். வரிசையில் நமக்கு முன்னால் ஒரு தொழிலாளி. காலை ஷிப்டை முடித்துக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், இரண்டு பஸ் மாறி நேரே வந்திருக்கிறார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள்ளே கழுவி வைத்த டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, அழுக்குச் சட்டை, பாதி காலியான தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான் அவருடைய ஆயுதக் கிடங்கு! காவலாளி பையை விரித்துப் பார்த்தார். அவருக்கும் தெரியும், அதிலே ஆபத்து எதுவுமில்லை என்று. "பை உள்ளே போகாதுங்க" என்றார். "எங்கே வைக்கிறது?" என்று கேட்டார் தொழிலாளி. காவலாளி பதில் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு கம்பி வேலி. அதில் ஏற்கெனவே நாற்பது ஐம்பது பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தொழிலாளி தம் பையையும் அங்கே மாட்டிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனார்.

அடுத்த வரிசையில் ஒரு கனவான். தோளில் தோல்பை. அவருக்கும் அதே கட்டளைதான் பிறந்தது. கனவான் கலங்கவில்லை. செல்போனை எடுத்தார், இரண்டு வார்த்தை பேசினார். டிரைவர் ஓடிவந்தார். பை காருக்குப் போயிற்று.

சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்குக் கார் இருந்தது; மற்றவருக்கு வேலி இருந்தது!

அப்படியானால் சோதனையே கூடாது என்கிறீர்களா என்று நம்மைக் கேட்பார்கள். இல்லை. ஒருபோதும் அப்படிச் சொல்லமாட்டோம். கூட்டம் கூட்டிப் பழகியவர்கள் நாம். வாசலில் நிற்கும் தொண்டனின் அருமை நமக்குத் தெரியும். 2010 ஏப்ரல் 17 அன்று பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் ஐ.பி.எல். ஆட்டம் தொடங்கும் வேளையில் குண்டு வெடித்ததையும், காவலர் உட்படப் பலர் காயமுற்றதையும் நாம் மறக்கவில்லை. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின் எல்லைக்கோட்டருகே, பைகளில் மறைத்துக் கொண்டுவந்த பிரஷர் குக்கர் குண்டுகள் வெடித்து மூவர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். வேடிக்கை பார்க்க வந்தவன் காலிழந்து திரும்பினான். பையைப் பார்க்காதே என்று எவன் சொல்வான்?

அந்த பாஸ்டன் குண்டுக்குப் பிறகுதான் அமெரிக்காவின் கால்பந்து லீக் ஒரு புது விதி கொண்டுவந்தது. அவர்கள் கால்பந்து என்பது கையால் பிடித்து ஓடும் ஆட்டம், அது கிடக்கட்டும். விதி என்ன? பை கொண்டுவரலாம், ஆனால் உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்கவேண்டும். அளவு பன்னிரண்டு அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம். அல்லது சமையலறையில் புழங்கும் ஒரு காலன் பிளாஸ்டிக் உறை. இவை போக, உள்ளங்கை அளவுப் பர்ஸ் ஒன்று. மருந்து, மருத்துவக் கருவி வைத்திருப்போருக்குத் தனிச் சோதனை, தனி விலக்கு.

பெண்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்காமல் என்ன செய்வார்கள்? தம் கைப்பையில் இருப்பதையெல்லாம் ஊரார் பார்க்கத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமாம்! ஆனாலும் அந்த விதியிலே ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். வாசலில் நிற்பவன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை; கண்ணால் பார்த்தே அனுப்பிவிடலாம்; வரிசை நகரும். 'பையே கூடாது' என்பதைவிட 'இப்படிப்பட்ட பை கொண்டுவா' என்பது மேல். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அந்தக் கண்ணாடிப் பையிலும் அணியின் சின்னத்தை அச்சிட்டு விலைக்கு வைத்துவிட்டார்கள்!

நம் ஊரில் அந்த அளவுகூட யோசிக்கவில்லை. கூடாது என்றால் கூடாது. தண்ணீர் பாட்டிலும் கூடாது, வீட்டுச் சோறும் கூடாது. வெடிகுண்டுக்குப் பயந்து புளிசாதத்தை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனவனுக்குத் தாகம் எடுக்காதா? எடுக்கும். பசிக்காதா? பசிக்கும். விற்பதற்குத்தான் உள்ளே கடை இருக்கிறதே! பாதுகாப்பு எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

போகட்டும். பையைத் தடுத்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா? 2018 ஏப்ரல் 10. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழகம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சேப்பாக்கத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஆட்டம். வாசலெங்கும் காவலர், கெடுபிடி. கொடி கூடாது, பதாகை கூடாது, பை கூடாது. நடந்தது என்ன? ஆட்டத்தின் நடுவே எல்லைக்கோட்டருகே வந்து விழுந்தது காலணி! செருப்பு வீசியதை நாம் மெச்சவில்லை. ஆட வந்தவன் காவிரியைத் தடுத்தவனல்லன். ஆனால் பையைக் கழற்றச் சொன்னவர்கள் காலைக் கழற்றச் சொல்ல முடியவில்லை. சென்னை அணியின் எஞ்சிய சொந்த ஊர் ஆட்டங்கள் புனாவுக்குப் போயின.

அது விளையாட்டுச் செய்தி. இனிச் சொல்லப்போவது உயிர்ச் செய்தி.

2017 மே 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம். அரியானா கிராண்டே என்ற பாடகியின் இசை நிகழ்ச்சி. அரங்கம் நிறையச் சிறுமிகள், இளம்பெண்கள். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் பிள்ளைகளை அழைத்துப்போகப் பெற்றோர் முன்கூடத்தில் காத்திருந்தார்கள். இரவு பத்தரை மணி. குண்டு வெடித்தது. 22 பேர் மாண்டனர்.

கொலைகாரன் முதுகில் கனத்த பை சுமந்து வந்தவன். சோதனை வாசலை அவன் தாண்டவே இல்லை. தாண்ட வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. கூட்டம் எந்த வழியாக வெளியே வரும் என்று தெரிந்து அங்கே காத்திருந்தான். ஏறத்தாழ ஒரு மணி நேரம்! கண்காணிப்புக் கேமராவின் கண்ணுக்கு எட்டாத மூலை ஒன்று இருந்தது, அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

எவருமே பார்க்கவில்லையா? பார்த்தார்கள், தோழர்களே, பார்த்தார்கள்! மகளுக்காகக் காத்திருந்த ஒருவர் பார்த்தார், ஐயப்பட்டார், அங்கே நின்ற காவல் ஊழியரிடம் போய்ச் சொன்னார். அந்த ஊழியருக்கு வயது 19. அவர் தம் தோழரான இன்னோர் ஊழியரிடம் சொன்னார். அவருக்கு வயது 18. அந்தப் பையன் கட்டுப்பாட்டு அறைக்கு வாக்கி-டாக்கியில் சொல்ல முயன்றான், தொடர்பு கிடைக்கவில்லை. நேரே போய்க் கேட்கலாமா என்று நினைத்தான். நிறத்தைப் பார்த்து ஐயப்படுகிறான் என்ற பழி வந்துவிடுமோ என்று அஞ்சினான். அந்தத் தகவல் மேலே போகவே இல்லை.

அப்படியானால் போலீசார்? அந்த இடம் ரயில் நிலையத்தை ஒட்டியது. போக்குவரத்துப் போலீசின் பொறுப்பு. கடைசி அரை மணி நேரம் அந்தக் கூடத்தில் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. அன்று மாலை அவர்களில் இருவர் கபாப் வாங்கக் காரேறிப் போய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் திரும்பியிருக்கிறார்கள். நாம் கற்பித்துச் சொல்லவில்லை. ஜான் சாண்டர்ஸ் என்ற நீதிபதி விசாரணை நடத்தி, 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் வந்த சேதி இது. அவனை முன்பே கண்டுகொண்டு தடுத்திருக்க வேண்டும், வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று அவர் எழுதினார்.

அந்த 18 வயதுப் பையனைத் திட்டித் தீர்ப்பது எளிது. நமக்கு மனம் வரவில்லை. அத்தனை ஆயிரம் உயிர்களின் காவலை யார் தலையில் வைத்தார்கள்? மீசை அரும்பும் வயதில் கூலிக்கு வந்து நின்ற பிள்ளைகளின் தலையில்! அவர்களுக்கு என்ன பயிற்சி? கையில் கொடுத்த கருவி ஏன் பேசவில்லை? துணிந்து கேள், தவறானாலும் நாங்கள் உன் பக்கம் நிற்போம் என்று எந்த முதலாளி சொல்லி வைத்தான்?

துணிந்து கேட்டவனுக்குக் கிடைத்த பரிசையும் பாருங்கள். 1996 ஜூலை 27. அமெரிக்காவின் அட்லாண்டா, ஒலிம்பிக் போட்டி நடக்கும் வேளை. எல்லோருக்கும் திறந்துவிட்ட பூங்காவில் நள்ளிரவு தாண்டியும் பாட்டுக் கச்சேரி. ரிச்சர்ட் ஜூவல் என்ற காவலாளி, இருக்கை ஒன்றின் அடியில் கேட்பாரற்றுக் கிடந்த முதுகுப்பையைக் கண்டார். அதை லேசில் விடவில்லை. போலீசை அழைத்தார். கூட்டத்தை விலக்கினார். விலக்கிக்கொண்டிருக்கும்போதே குண்டு வெடித்தது. ஒரு பெண் மாண்டார். ஓடிவந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் மாரடைப்பில் மாண்டார். நூறு பேருக்கு மேல் காயம். அந்தக் காவலாளி மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எத்தனை பிணம் விழுந்திருக்கும்!

மூன்று நாள் அவர் வீரர். நான்காம் நாள் அவரே குற்றவாளி! 'குண்டு வைத்தவனே கண்டெடுத்தவன் போல நடித்தான்' என்று போலீஸ் ஐயப்பட்டது, பத்திரிகைகள் பறையடித்தன. 88 நாள் அந்த மனிதரையும் அவருடைய தாயாரையும் வீட்டு வாசலில் கேமரா நிறுத்தி வதைத்தார்கள். அக்டோபரில், அவர்மேல் குற்றமில்லை என்று சர்க்கார் கடிதம் வந்தது. உண்மைக் குற்றவாளி எரிக் ருடால்ஃப் 2005-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஜூவல் 2007-ல் காலமானார், வயது 44. கண்டுபிடிக்கக் கேமராவும் கருவியும் உண்டு என்பார்கள். அன்று அந்தப் பையைக் கண்டுபிடித்தவை சம்பளத்துக்கு நின்ற ஒரு தொழிலாளியின் இரண்டு கண்கள்.

வாசலை இறுக்க இறுக்க வாசலுக்கு வெளியே கூட்டம் திரளும் என்பதையும் சொல்லவேண்டும். 2015 நவம்பரில் பாரிஸ் விளையாட்டரங்கத்தில் வெடியை உடம்பில் கட்டிவந்தவர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. அது வாசற் சோதனைக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனால் வெடித்தது வாசலுக்கு வெளியே. குண்டே வேண்டாம், நெரிசல் போதும். 2025 ஜூன் 4 அன்று அதே சின்னசாமி மைதானத்தின் கதவுகளுக்கு வெளியே, வெற்றி விழா காண வந்த 11 பேர் மிதிபட்டு மாண்டார்கள். கதவு உள்ளே இருப்பவனைக் காத்தது. வெளியே நின்றவனைக் காக்க ஆளில்லை.

மான்செஸ்டரில் மகனைப் பறிகொடுத்த தாய் பிகன் மர்ரி சும்மா இருக்கவில்லை. சட்டம் வேண்டும் என்று 2024 மே மாதம் மான்செஸ்டரிலிருந்து லண்டன் வரை ஏறத்தாழ இருநூறு மைல் நடந்தார். 2025 ஏப்ரலில் சட்டம் வந்தது. இருநூறு பேர் கூடும் இடமானால் ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று திட்டம் வேண்டும். எண்ணூறு பேர் கூடினால் இன்னும் கடுமையான ஏற்பாடு வேண்டும். பொறுப்பு யாருக்கு? இடத்தை நடத்துபவனுக்கு! நிறைவேற்ற இரண்டாண்டாவது அவகாசம் தந்திருக்கிறார்கள். தாமதம்தான், ஆனாலும் சுமை சரியான தோளுக்குப் போயிருக்கிறது.

இங்கே? சுமை முழுவதும் பை கொண்டுவந்தவன் தோளில். கோடி கோடியாகப் புரளும் ஆட்டத்தில் ஒரு அறை ஒதுக்க முடியாதா? ரயில் நிலையத்தில் பை வைக்க இடமிருக்கிறது. கோயில் வாசலில் செருப்பு வைக்கக்கூட இடமிருக்கிறது, டோக்கன் கொடுக்கிறார்கள். மைதானத்து வாசலில் கேட்டால் பாதுகாப்பு என்கிறார்கள். கேட்பாரற்ற பை ஐம்பது வாசலருகே வேலியில் தொங்குவது எந்த வகைப் பாதுகாப்பு? ஜூவல் பார்த்திருந்தால் பதறியிருப்பார்! பை வைக்க அறை, உள்ளே காசில்லாமல் குடிதண்ணீர், வாசலில் நிற்பவனுக்குப் பயிற்சியும் வயிறாறச் சம்பளமும், பேசக்கூடிய வாக்கி-டாக்கி. இவற்றைக் கேட்க வேண்டிய இடத்தில் நம் தோழர்கள் கேட்கவேண்டும். ஒப்பந்தக் காவலாளிகளின் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு கேட்கவேண்டும்.

அன்றிரவு ஆட்டம் முடிந்து வெளியே வந்தோம். வேலியருகே செல்போன் வெளிச்சத்தில் ஆளாளுக்குப் பை தேடிக்கொண்டிருந்தார்கள். நம் தொழிலாளிக்குப் பை கிடைத்துவிட்டது. டிபன் பாக்ஸும் துண்டும் இருந்தன. சட்டையைக் காணோம். "அழுக்குச் சட்டைதானே, போகட்டும்" என்று சிரித்துக்கொண்டே கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

பையை வெளியே வைக்கச் சொன்ன காவலாளி நடைபாதையில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டோம். "இனிமேத்தான் சார். மத்தியானம் வந்து நின்னது. மாத்தி விட ஆள் வரலை" என்றார். மெல்ல எழுந்து வேலியின் கோடிக்குப் போனார். அவருடைய சாப்பாட்டுப் பையும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.