புஷ்கருக்கு ஒரு ராத்திரி

பக்கத்து வீட்டு சார் ரிட்டையராகி ஆறு மாதம் ஆகிறது. மகளுக்கு ஜெய்ப்பூரில் வேலை. டிசம்பரில் சாரும் மாமியும் அவளைப் பார்க்கப் போகிறார்கள். நேற்று சாயங்காலம் இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு திண்ணையில் உட்கார்ந்தபோது கேட்டார்: “தம்பி, அங்கே பக்கத்தில் புஷ்கராமே, பிரம்மாவுக்கு உலகத்திலேயே ஒரே கோவிலாம். காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாமா?”

போகலாம். ஆனால் அந்தக் கேள்வியிலேயே இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலில் அந்த ‘ஒரே கோவில்’. பிரம்மாவுக்குக் கோவில் அரிதுதானே தவிர, ஒன்றே ஒன்று இல்லை. அதே ராஜஸ்தானில் பார்மேர் பக்கம் அசோத்ராவில் ஒன்று இருக்கிறது. நம் திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பட்டூரில் பிரம்மாவுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது; அங்கே கூட்டம் எப்படி அலைமோதும் என்று சாருக்கே தெரியும். புஷ்கரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. வைணவர்கள் சொல்லும் எட்டு சுயம்வியக்த க்ஷேத்திரங்களில், அதாவது பெருமாள் தானாகவே தோன்றிய தலங்களில், ஸ்ரீரங்கம், திருமலை, ஸ்ரீமுஷ்ணம், வானமாமலை இவற்றோடு புஷ்கரமும் ஒன்று. அங்கே பெருமாள் விக்கிரகமாக இல்லை, தீர்த்தமாக இருக்கிறார் என்பது ஐதீகம். பிரம்மா கையிலிருந்த தாமரை விழுந்த இடத்தில் நீர் பொங்கியது என்பது தலபுராணம். எப்படிப் பார்த்தாலும் மூலவர் அந்த ஏரிதான். கோவிலை நினைத்துத் திட்டம் போட்டால் இரண்டு மணி நேரம் போதும். ஏரியை நினைத்துப் போட்டால் ஒரு ராத்திரி வேண்டும். இரண்டாவது சிக்கல் அதுதான்.

வழி சுலபம். ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் ரயிலில் சுமார் 135 கிலோமீட்டர். அங்கிருந்து நாக் பஹாட் மலையைத் தாண்டினால் பதினைந்து கிலோமீட்டருக்குள் புஷ்கர். பஸ், ஆட்டோ, டாக்ஸி எல்லாம் உண்டு. மலைக்கு இந்தப் பக்கம் அஜ்மீர் சந்தடி. அந்தப் பக்கம் இறங்கியதும் மணலும் முள்மரமும் ரோஜாத் தோட்டங்களும். அஜ்மீர் தர்காவில் உருஸ் நடக்கும் நாட்களில் மட்டும் ரயிலுக்கும் அறைக்கும் அடிதடி. அது நடக்கும் ரஜப் மாதம் எப்போது என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

தேதி விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது ஒன்று உண்டு. புஷ்கரின் பெரிய விழா கார்த்திக் பூர்ணிமா. ஒட்டகச் சந்தையும் அதையொட்டித்தான். ‘கார்த்திகை’ என்று காதில் விழுந்ததும் திருவண்ணாமலை தீப நாளைக் காலண்டரில் பார்த்து டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய கார்த்திக் பூர்ணிமா ஏறக்குறைய பாதி வருடங்களில் நம் ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோவில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். 2025-ல் அங்கே நவம்பர் 5. இங்கே தீபம் டிசம்பர் 3. ஒரு மாத வித்தியாசம்! மற்ற வருடங்களில் இரண்டும் ஒட்டியே வருவதும் உண்டு. ஏகாதசி முதல் பௌர்ணமி வரை ஐந்து நாளும் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. வயதானவர்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கட்சி. டிசம்பர் நல்ல மாதம், ஆனால் விடியற்காலைக் குளிர் நம் ஊர் ஸ்வெட்டருக்கு அடங்காது. மே மாதம் போகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மத்தியானம் போய்ச் சேருங்கள். கோவில்கள் அப்போது நடை சாத்தியிருக்கும். அறையில் பையைப் போட்டுவிட்டு ஓய்வெடுக்க அதுதான் நேரம். வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கரை. ஐம்பத்திரண்டு படித்துறைகள், வெள்ளையடித்த மண்டபங்கள், புறாக்கள். படிக்கு நன்றாகத் தள்ளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். குளிப்பவர்களைப் படம் எடுக்கக்கூடாது. இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படியில் இறங்கினதும் ஒருவர் பூவை உங்கள் உள்ளங்கையில் வைப்பார். தண்ணீர் விடுவார். அப்பா பெயர், கோத்திரம் கேட்பார். உங்கள் வாயாலேயே ‘இத்தனை ரூபாய் தருகிறேன்’ என்று சங்கல்பத்துக்கு நடுவில் சொல்ல வைப்பார். கையில் தண்ணீர், வாயில் மந்திரம். அந்த நிலையில் பேரம் பேச யாருக்கு மனம் வரும்? நான் முதல் தடவை அப்படித்தான் மாட்டினேன். கயிறு கட்டி முடிப்பதற்குள் அன்றைய சாப்பாட்டுக் காசு போய்விட்டது. ஆகவே பூ கைக்கு வருவதற்கு முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும். அதில் அவர்களுக்கும் வருத்தம் இல்லை. எல்லாரையும் அப்படி நினைக்கவும் வேண்டாம். பரம்பரைப் புரோகிதர்கள் யாத்திரிகர்களின் வம்சாவளியை நீள நீளப் பேரேடுகளில் தலைமுறைகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். பித்ரு காரியம் செய்வதாக இருந்தால் அப்படிப்பட்ட ஒருவரைத் தங்கும் இடத்தில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

இருட்டும் நேரத்தில் ஏரிக்கு ஆரத்தி. அதற்காகத்தான் ராத்திரி தங்கச் சொல்கிறேன். இந்த ஏரித் தண்ணீர் சும்மா கிடைத்ததில்லை. 2009-ல் தூர் வாரினார்கள், மழையும் பொய்த்தது. ஏரி வறண்டு, அந்த வருடப் பூர்ணிமாவுக்கு வந்தவர்கள் தொட்டித் தண்ணீரில் நீராடினார்கள்.

மறுநாள் விடியலில் சாவித்திரி மலை. பிரம்மா இங்கே செய்த யாகத்துக்கு மனைவி சாவித்திரி வரத் தாமதமானதால், அவர் காயத்ரியை மணந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். வந்து பார்த்தவள், இந்த ஊரைத் தவிர வேறெங்கும் உமக்குப் பூஜை கிடையாது என்று சபித்துவிட்டு மலையேறிவிட்டாள். இன்றும் கோபம் தணியாமல் உச்சியில்தான் இருக்கிறாள். ஏறினால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். மாமிக்கு முட்டிவலி என்பதால் ரோப் காரில் போகலாம்; அது 2016-லிருந்து ஓடுகிறது. மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் ஏரியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

இறங்கி வந்து பிரம்மா கோவில். சிவப்புக் கோபுரம், வாசல் மேல் அன்னம், தரையிலும் சுவரிலும் பதித்த வெள்ளி நாணயங்கள், சந்நிதிக்கு நேரே தரையில் வெள்ளி ஆமை. கால் வைக்கும்போது பார்த்து வையுங்கள். பை, கேமரா உள்ளே விடமாட்டார்கள். அங்கிருந்து கடைத்தெருவில் நடந்தால் ரங்கஜி கோவில். திடீரென்று நம் ஊர்க் கோபுரம் எதிரே நிற்கும். ராமானுஜ சம்பிரதாயக் கோவில்; திருமண்ணைப் பார்த்ததும் மாமிக்கு வீடு ஞாபகம் வந்துவிடும்.

சாப்பாடு? ஊருக்குள் இறைச்சி, முட்டை, மது எதுவும் கிடையாது. ஆகவே கவலை இல்லை. ஆனால் சோறு நம் பக்குவத்தில் வராது. ரொட்டி, தால் பாட்டி, பிறகு அல்வாக் கடைகளில் நெய்யில் பொரித்துப் பாகில் போட்ட மால்புவா. ஒன்றை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டால் உடம்புக்கு நல்லது. வரும்போது குல்கந்து ஒரு பாட்டில்.

சார் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப காலையில போய் மத்தியானம் திரும்பறது?”

அவ்வளவுதான் நேரம் இருக்கிறது என்றால் வேண்டாம் சார். இந்தத் தடவை மகளோடு ஆமேர் கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். புஷ்கருக்கு அடுத்த தடவை ஒரு ராத்திரி ஒதுக்கிக்கொண்டு போகலாம்.