அலுவல் முடிந்த மாலை

வணிகத்தின் பொருட்டுப் பிறநாடு செல்பவரின் பயணம் பெரும்பாலும் மூன்று இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. விமான நிலையம் ஒன்று. தங்கும் விடுதி மற்றொன்று. பேச்சுவார்த்தை நடைபெறும் கந்தோர் மூன்றாவது. இம்மூன்றும் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையவை. விடுதியில் காலையில் வைக்கும் பாணும் முட்டையும் கொழும்பிலே உண்ட பாணும் முட்டையுந்தாம். நான்கு நாள் கழித்து வீடு திரும்பியவரிடம், "அந்த ஊர் எப்படி இருந்தது, அப்பா?" என்று பிள்ளைகள் கேட்டால், "நன்றாகக் குளிரூட்டியிருந்தார்கள்" என்பதற்குமேல் அவர் சொல்வதற்கு ஒன்றும் இராது.

ஆயினும், எத்துணை நெருக்கமான பயணத்திலும் எவருக்கும் உரிமையாகாத சில மணி நேரம் உண்டு. மாலையில் கந்தோர் மூடியபின், மறுநாட் காலை மீண்டும் கழுத்துப்பட்டி அணியும்வரை உள்ள நேரம் அது. அந்த நேரத்தை எங்கே கழிப்பது என்பதில்தான் ஒருவர் வெளிநாடு சென்றாரா, அல்லது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சென்றாரா என்பது தெரியவரும். இலங்கை வணிகர் பலர் அடிக்கடி சென்றுவரும் சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால், அங்கே இந்த வினாவுக்கு விடை தேடி அலையவேண்டியதில்லை. அருகில் உள்ள உணவங்காடி நிலையம் எங்கே என்று யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அந்நகரத்துக் கடிகாரம் இலங்கைக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆதலால் மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் இராச் சாப்பாட்டுக்கு அமரும்போது, புதிதாக வந்திறங்கியவரின் வயிறு இன்னும் நாலரை மணித் தேநீரையே எண்ணிக்கொண்டிருக்கும். முதல்நாள் அவர் கொஞ்சமாக உண்பதே நன்று. பார்ப்பதற்கு அங்கே நிரம்ப உண்டு.

உணவங்காடி நிலையம் என்பது யாது? பெரிய கூரை ஒன்று. பெரும்பாலும் சுவர்கள் இல்லை. நடுவில் தரையோடு பொருத்திய மேசைகளும் இருக்கைகளும். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு கடைகள். ஒரு கடையில் ஒரே பண்டம், அல்லது அதன் இரண்டு மூன்று வகைகள். கோழிச்சோறு சமைப்பவர் முப்பது ஆண்டுகளாகக் கோழிச்சோறுதான் சமைக்கிறார். நூடில்ஸ் பொரிப்பவர் வேறொன்றையும் தொடுவதில்லை. சீனர், மலாயர், தமிழர் ஆகியோரின் கடைகள் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. வங்கி அதிகாரியும் கட்டடத் தொழிலாளியும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பதும் அங்கே புதுமையன்று. இத்தகைய நிலையங்கள் அந்தச் சிறிய தீவில் நூற்றுக்குமேல் உள்ளன.

இவை தாமாக முளைத்தவை அல்ல. இதனை அறிந்துகொண்டு உண்பவருக்கு உணவின் சுவை சற்றுக் கூடும். 1950களிலும் 60களிலும் சிங்கப்பூர்த் தெருக்களில் தள்ளுவண்டிக்காரரும் கூடைக்காரரும் நிறைந்திருந்தனர். வேலையில்லாதவனுக்கு ஓர் அடுப்பும் ஒரு சட்டியும் இருந்தால் அதுவே தொழில். ஆனால் குழாய்நீர் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரிலேயே நாள் முழுவதும் கிண்ணம் கழுவினர். எச்சமெல்லாம் வடிகாலுக்கும் ஆற்றுக்கும் போயிற்று. நோய் பரவும் அச்சம் எப்போதும் இருந்தது. அதிகாரிகள் விரட்டுவதும், வண்டிக்காரர் அடுத்த சந்தில் மீண்டும் கடை விரிப்பதுமாகப் பல காலம் கழிந்தது.

1968, 1969ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் இவர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தனர். ஏறக்குறைய 18,000 தெரு வியாபாரிகள் பதிவாயினர். பின்னர் 1971 முதல் 1986 வரை, குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றோடு நிலையங்களைக் கட்டி, அவர்களை அவற்றுள்ளே குடியமர்த்தினர். தெருவோர வியாபாரியை அகற்றிவிடுவது எந்த நகரசபைக்கும் எளிது. பல நகரங்கள் அதைச் செய்தும் இருக்கின்றன. அகற்றிய ஆளுக்கு அடுப்பும் இடமும் கொடுத்து, மலிவான விலையில் விற்கவும் வைப்பதே அரிது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, மாளிகை எதனையும் அது கௌரவிக்கவில்லை. நூடில்ஸ் கிண்ணத்தையும் அதைச் சுற்றி அமரும் மக்களையுமே கௌரவித்தது.

மாளிகை போன்ற நிலையமும் ஒன்று உண்டு. வங்கிகள் நெருங்கிய வணிகப் பகுதியின் நடுவே, எண்கோண வடிவில், இரும்புத் தூண்களும் மணிக்கூண்டுமாக நிற்கும் லாவ் பா சாட் அது. பெயருக்குப் பழைய சந்தை என்பது பொருள். இப்போதுள்ள கட்டடம் 1894இல் எழுந்தது. அதன் வார்ப்பிரும்பு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து கப்பலில் வந்தது. 1973இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நிலத்தடிப் புகையிரதப் பாதை அமைக்கும் வேலைக்காக 1980களில் இரும்பைத் துண்டு துண்டாகக் கழற்றி, வேலை முடிந்தபின் மீண்டும் பூட்டினார்கள். மாலையானதும் அதன் பக்கத்துத் தெருவிலே வாகனங்களை நிறுத்திவிட்டு மேசை போடுகிறார்கள். ஈர்க்கிற் கோத்த இறைச்சியைக் கரியடுப்பில் வாட்டி, நிலக்கடலைக் குழம்போடு தரும் 'சாத்தே' அந்தத் தெருவுக்கே உரியது. கந்தோர் வேலை முடித்தவர் அப்படியே கைப்பெட்டியோடு வந்து அமரலாம்; புகை சட்டையில் ஏறிக்கொள்ளும் என்பது ஒன்றுதான் குறை.

புதியவர் சில வழக்கங்களைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆளில்லாத மேசையில் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பொட்டலமோ குடையோ இருந்தால், அது மறந்துவைத்த பொருளன்று. "இந்த இடத்துக்கு ஆள் உண்டு" என்பதற்கு அதுவே அடையாளம். எடுத்து வைத்துவிட்டு அமர்வது பெருங்குற்றம். அதிகாரி முன்னால் அல்ல. அங்குள்ள பாட்டிமார் முன்னால். அதிகாரி பார்ப்பது வேறொன்றை. 2021 செப்டெம்பர் முதல், உண்டவர் தம் தட்டையும் எச்சத்தையும் தாமே கொண்டுபோய் உரிய இடத்தில் வைக்கவேண்டும் என்பது சட்டமாகியது. வீட்டிலே உண்ட கோப்பையை எடுத்து அறியாத பெரிய முதலாளிகளும் அங்கே அதைச் செய்கிறார்கள். முஸ்லிம் கடைகளின் தட்டுகளுக்குத் தனி இடம் உண்டு, மாற்றி வைக்கலாகாது.

கோப்பி கேட்பது ஒரு தனிக் கல்வி. மலாய் மொழியிலும் அது கோப்பிதான். ஆகவே இலங்கைத் தமிழர் உச்சரிப்பை மாற்றவேண்டியதில்லை. வெறுமனே "கோப்பி" என்றால் தகரப் பாலும் சீனியும் கலந்து வரும். "கோப்பி ஓ" என்றால் பாலின்றிச் சீனியோடு வரும். 'ஓ' என்பது ஹொக்கியன் சீன மொழியில் கறுப்பு. "கோப்பி சி" என்றால் இனிப்பில்லாத தகரப் பாலும் சீனியும். எதனோடும் "கொசோங்" என்று சேர்த்தால் சீனி இல்லை. மலாயில் அதற்கு வெறுமை என்று பொருள். இரண்டு மொழிகளை ஒரு கோப்பையிற் கலக்கும் இந்த இலக்கணத்தை எந்தப் பள்ளிக்கூடமும் கற்பித்ததில்லை. ஆயினும் பிழைவிடுபவர் எவருமில்லை.

கோப்பியோடு 'காயா' தடவிய ரொட்டித்துண்டு தருவார்கள். தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ரம்பை இலை ஆகியவற்றைச் சேர்த்துக் கிண்டுவது காயா. வட்டிலப்பம் உண்டு வளர்ந்தவருக்கு அறிமுகம் வேண்டியதில்லை. இப்படிப் பழைய உறவுகள் பல தட்டுக்களில் வெளிப்படுகின்றன. 'நாசி லெமாக்' என்பது தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. அதனோடு பொரித்த நெத்தலியும் சம்பலும். சம்பல் என்ற பெயரும் அதுவே. இடியப்பம் 'புட்டு மாயம்' என்னும் பெயருடன் தேங்காய்ப்பூவும் சர்க்கரையுமாக வருகிறது. சொதியைத் தேடினால் ஏமாற்றமே. மரக்கறி உண்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மலாய்ச் சம்பலிலும் குழம்பிலும் இறாற் கூழ் மறைந்திருக்கும். பௌத்த மரக்கறிக் கடைகளிலே இந்த அச்சமில்லை. அங்கே இறைச்சிபோலத் தோன்றுவதும் சோயாவும் கோதுமைப் பசையுந்தான். கண்ணால் மட்டும் நோன்பு முறியும்.

தனியே உண்பவருக்குத்தான் இவை என்று எண்ணவேண்டாம். சிங்கப்பூர் வணிகர் விருந்தாளியை உணவங்காடிக்கு அழைத்தால், செலவுக்கு அஞ்சி அழைக்கிறார் என்று கருதுவது தவறு. தாம் இளமைமுதல் உண்ணும் கடைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது அங்கே நெருக்கத்தின் அறிகுறி. எந்தக் கடையின் கோழிச்சோறு சிறந்தது என்ற வாதத்தில் அவர் காட்டும் உறுதி, காலையில் விலை பேசும்போதுகூட இருந்திராது. உயர்ந்த உணவகங்களும் அந்நகரில் ஏராளம். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டற் குறிகள் காணப்பட்டால், ஒன்று பத்து வீதச் சேவைக் கட்டணம். மற்றது 2024 முதல் ஒன்பது வீதமாக உள்ள வரி. ஐம்பது வெள்ளி என்று எண்ணி உண்டவர் அறுபது வெள்ளிக்குச் சற்றுக் குறையக் கொடுத்து எழுவார். வெள்ளி என்பது அங்குள்ள தமிழர் டொலருக்கு வழங்கும் பெயர். அதே மாலை உணவங்காடியில் ஐந்தாறு வெள்ளிக்கு வயிறு நிறையும்.

இரண்டாவது மாலை கிடைக்குமாயின், தமிழ்ப் பெயர்ப்பலகைகள் நிறைந்த சிராங்கூன் வீதிக்குச் செல்லலாம். தேக்கா நிலையத்தில் பிராட்டா வீசுவதைப் பார்க்கலாம். 1947 முதல் நடந்துவரும் கோமள விலாசில் தோசை உண்ணலாம். யாழ்ப்பாணத்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புகையிரதத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைக்குச் சென்ற இலங்கைத் தமிழரின் தடத்தைக் கிழக்குப் பகுதியிலுள்ள சிலோன் வீதியிற் காணலாம். அவர்கள் போற்றி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. வழிபாடு முடித்து வெளியே வந்தால் காத்தோங் பகுதி. தேங்காய்ப்பாற் குழம்பில் மிதக்கும் 'லக்சா' அங்கே பேர்பெற்றது. நூடில்சைச் சிறிது சிறிதாக நறுக்கியிருப்பதால் கரண்டியே போதும்.

இத்தனை மகிழ்ச்சிக்கும் அடியில் ஒரு கவலை இருக்கிறது. அங்கே நாலைந்து மாலை கழித்தவர் தாமாகவே அதைக் கண்டுகொள்வார். அடுப்படியில் நிற்பவர்களைச் சற்று உற்றுப் பார்த்தாற் போதும். உணவங்காடிக்காரரில் ஏறக்குறையப் பாதிப் பேர் அறுபதை எட்டியவர்கள். விடியுமுன் சந்தைக்குப் போய், வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவர்கள், பிள்ளைகளைப் படிப்பித்துக் குளிரூட்டிய கந்தோர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்காகவே உழைத்தார்கள் என்றும் சொல்லவேண்டும். 2016ஆம் ஆண்டு மிஷலின் வழிகாட்டி சிங்கப்பூரில் இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் அளித்தது. அவற்றுள் ஒன்று, இருநூறுக்கு மேற்பட்ட சாப்பாட்டுக்கடைகள் கொண்ட சைனாடவுன் நிலையத்தில் சோயாக் கோழி விற்ற சான் ஹொன் மெங் என்பவருடையது. உலகத்தார் வந்து வரிசையில் நின்றனர். ஆனால் நட்சத்திரம் கடைக்குப் புகழ் தரலாம். அடுத்து அடுப்பேற்ற ஓர் ஆளைத் தராது.

அரசாங்கம் இளைஞருக்குப் பயிற்சி அளிக்கிறது. 2011இல் புதிய நிலையங்களைக் கட்டுவதாக மீண்டும் அறிவித்துக் கட்டியும் வருகிறது. ஆயினும் கணக்கு எளிதன்று. தெருவிலிருந்து குடியமர்த்தப்பட்ட பழையவர்களுக்குச் சலுகை வாடகை. பின்வந்த பலர் கேள்விப்பத்திரம் மூலம் இடம் பெறுகிறார்கள். அரிசியும் எண்ணெயும் உலக விலைக்கு ஏறுகின்றன. கோழிச்சோற்றின் விலையை ஐம்பது சதம் உயர்த்தினாலோ, வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். குளிரூட்டிய கடையில் ஒரு கோப்பிக்கு ஏழு வெள்ளி கொடுப்பவரும் அதே வாடிக்கையாளர்தான். மலிவு என்பது யாரோ ஒருவருடைய முதுகின்மேல் நிற்பது என்பதை அந்த ஐம்பது சதம் காட்டிவிடுகிறது.

விற்றுத் தீர்ந்தது என்று பிற்பகல் ஒரு மணிக்கே பலகை தொங்கவிடும் கடைகள் உண்டு. மறுநாட் காலை விமானத்துக்கு முன்னர் இன்னொருமுறை வரலாம் என்று எண்ணிய பயணி, கடை வாரத்தில் மூன்று நாள் மட்டுமே திறப்பதாக அறிந்து நிற்பதும் உண்டு. முதியவருக்கு முழங்கால் நோவு. பக்கத்துக் கடைக்காரர், "வெள்ளிக்கிழமை வாருங்கள், அண்ணா" என்கிறார். வெள்ளிக்கிழமை பயணி கொழும்பிலே இருப்பார். அவர் அந்தப் பக்கத்துக் கடையிலேயே ஒரு கோப்பி ஓ வாங்கிக்கொள்கிறார். குடிக்க நேரமில்லை என்றதும், கடைக்காரர் அதை ஒரு பிளாத்திக்குப் பையில் ஊற்றி, வாயை நூலாற் கட்டி, நூலை விரலில் மாட்டிவிடுகிறார். விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அது சூடாகவே இருக்கிறது.