பூட்டாத வைஃபையும் அயலவரின் ஹக்கும்

"பாஸ்வேர்ட் போடாம விட்டிருக்காங்க, நாங்க எடுத்தா என்ன சேர்?" வகுப்பறையில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பெரியவர்களிடமும் இதே கேள்வி உண்டு. "காத்துல வாறது தானே, யாருக்கு நட்டம்?" என்று அவர்கள் பதிலையும் சேர்த்தே சொல்லி விடுவார்கள். அடுத்த வளவில் விழுந்து கிடக்கும் மாங்காயைக்கூடக் கேட்காமல் எடுக்காத மனிதர்கள், அயல்வீட்டு இணைய இணைப்பை மட்டும் கேட்காமல் எடுக்கிறார்கள். அதைக் களவு என்று அவர்கள் மனம் ஏற்பதில்லை.

ஏன் ஏற்பதில்லை என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை பிக்ஹின் அளவுகோலில் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே கூரையின் கீழ்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள் பல. பலாங்கொடை, காவத்தை, இறக்குவானைப் பக்கமானாலும் சரி, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமானாலும் சரி, லயத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். நீண்ட ஒரு கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பழைய லயங்கள் சிலவற்றில் இடைச்சுவர் கூரை வரை எழுவதுமில்லை. ஒரு காம்பராவின் புகையும் பேச்சும் அடுத்ததற்குப் போகும். அங்கே ஒரு ரவுட்டரை வைத்தால் அதன் அலையும் அப்படித்தான். சுவரைத் தாண்டி, இஸ்தோப்பைத் தாண்டி, பாதையோரத்து மதகு வரை போகும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வாட்ஸ்அப்புக்கு மாறியபோது, இணைப்பு இல்லாத பிள்ளை பாடமும் இல்லாத பிள்ளையானது. 2021இல் ஊவாவின் லுணுகலை, போஹிட்டியாவ பகுதிகளில் பிள்ளைகள் சிக்னல் தேடி மலைப்பாறையிலும் மரக்குடிலிலும் ஏறியிருந்த படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. மலையில் பிள்ளை வளர்க்கும் எந்தப் பெற்றோருக்கும் அந்தப் படங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செலவையும் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து வாங்கிய டேட்டா பெக்கேஜ் மாதக் கடைசி வரை வரவேண்டும். இருபதாம் திகதியே முடிந்து போனால், மிச்சம் பத்து நாளும் அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் இல்லை. 'யாருக்கு நட்டம்?' என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

சந்தியில் உள்ள நானாவின் கடையிலிருந்து லயத்துப் பிள்ளை எடுப்பதும் உண்டு. லயத்திலிருந்தோ ஸ்டாப் குவாட்டர்ஸிலிருந்தோ எங்கள் பையன்கள் எடுப்பதும் உண்டு. சட்டம் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

விளக்கு வெளிச்சமா, மடிப் பாலா?

'காத்துல வாறது தானே' என்பவரின் பக்கத்தில் ஒரு பிக்ஹ் ஆதாரம் உண்டு என்பதை முதலில் ஏற்க வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில், ஸுல்ஹ் பற்றிய பாடத்தில் சுவர் சம்பந்தமான சட்டங்கள் வருகின்றன. பிறருடைய சுவரில் ஒருவர் சாய்ந்து கொள்ளலாம், பாதிப்பில்லாத பொருளைச் சாத்தி வைக்கலாம். இதற்கு விரிவுரையாளர்கள் சொல்லும் காரணம், பிறருடைய விளக்கின் வெளிச்சத்தில் பயன் பெறுவது போலவும் பிறருடைய சுவரின் நிழலில் ஒதுங்குவது போலவும் அது இருக்கிறது என்பதாகும். நாம் பயன் பெறுவதால் உரியவருக்கு எதுவும் குறைவதில்லை. ஆகவே அனுமதி கேட்கவும் தேவையில்லை.

இதற்கு நேர் எதிரே இன்னோர் ஆதாரம் நிற்கிறது. இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பிறருடைய கால்நடையில் அவருடைய அனுமதியின்றிப் பால் கறப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கால்நடையின் மடியை அதன் உரிமையாளரின் உணவுக் களஞ்சியத்துக்கு ஒப்பிட்டார்கள். தன் களஞ்சியத்தை ஒருவன் வந்து உடைத்து எடுத்துச் செல்வதை யார்தான் விரும்புவார் என்று கேட்டார்கள். கவனிக்க வேண்டியது, அந்தக் கால்நடை வெட்டவெளியில் மேய்கிறது. அதற்கு வேலியும் இல்லை, பூட்டும் இல்லை. இருந்தும் அதன் பால் பொதுச் சொத்தாகவில்லை.

வைஃபை இந்த இரண்டில் எதைச் சேரும்? ரவுட்டரிலிருந்து நம் வீட்டுக்குள் வந்து விழும் அலை விளக்கு வெளிச்சம் போன்றது. நம் போனில் அயலவர் இணைப்பின் பெயர் தெரிவதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அதைத் தொட்டு இணைந்து ஒரு வீடியோவைத் திறந்த கணத்தில் விடயம் மாறுகிறது. அவர் காசு கொடுத்து வாங்கிய ஜீபி கணக்கு குறைகிறது. அளவு முடிந்தால் இணைப்பு நின்று போகும், அல்லது ஆமை வேகத்துக்கு வந்து விடும். அளவில்லாத பெக்கேஜ் என்றாலும் ஒரே நேரத்தில் பலர் இழுத்தால் வேகம் பங்குபடும். ஆக, நாம் எடுப்பது மடியிலுள்ள பால்.

ஒரு முஸ்லிமுடைய பொருள் அவருடைய மனப்பூர்வமான சம்மதமின்றி இன்னொருவருக்கு ஆகுமாகாது என்ற ஹதீஸின் கருத்தும் இங்கே பொருந்தும். முஸ்லிமல்லாத அயலவரின் பொருள் இதைவிட இலேசானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய பொருளும் நமக்கு அமானிதமே.

திறந்திருந்தால் அனுமதியா?

பாஸ்வேர்ட் போடாததே அனுமதிதான் என்பது அடுத்த வாதம். ஸூறா அந்நூரின் 27, 28ஆம் வசனங்கள் பிறர் வீட்டில் நுழைய அனுமதி கோருவதைக் கடமையாக்குகின்றன. உள்ளே எவரும் இல்லாவிட்டாலும் அனுமதி கிடைக்கும் வரை நுழையக் கூடாது. கதவு பூட்டியிருக்கிறதா, சும்மா சாத்தியிருக்கிறதா என்ற பேச்சே அங்கு இல்லை. அடுத்த 29ஆம் வசனம், எவரும் குடியிராத, நமக்குப் பயன் உள்ள இடங்களில் நுழைவது குற்றமில்லை என்கிறது. 'இலவச வைஃபை' என்று எழுதி ஒட்டிய இடங்கள் இந்த வகையைச் சேரும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றை ஊர் வழக்கம் (உர்ப்) தீர்மானிக்கும். தேத்தண்ணி குடிக்க வந்தவர் கடையின் வைஃபையைப் பாவிப்பது வழக்கம் என்றால் அது அனுமதியாகும். கடை பூட்டிய பிறகு அதே கடையின் திண்ணையில் இரவு பன்னிரண்டு மணி வரை படம் பார்ப்பது அந்த வழக்கத்துக்குள் வராது. லயத்தில் பல வீட்டார் பாஸ்வேர்ட் போடாதது தாராள மனத்தால் அல்ல. எப்படிப் போடுவதென்று தெரியாததால். தெரியாமையை அனுமதியாக எடுக்க முடியாது.

பாஸ்வேர்ட் தெரிந்திருப்பதும் அனுமதியாகாது. தோட்டக் காரியாலயத்தின் இணைப்பு கம்பனிக்குரியது. அங்கு வேலை செய்கிறவர் அதன் பாஸ்வேர்டை உறவினருக்குச் சொன்னால், தனக்குச் சொந்தமில்லாததைத் தானம் செய்தவராகிறார். பள்ளிவாசலின் இணைப்பும் அப்படித்தான். அதன் செலவு ஜமாஅத்தாரின் பணம். யார் பாவிக்கலாம், எதற்குப் பாவிக்கலாம் என்பதை நிர்வாகம் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

அவசர நிலை தனி. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. மழை இரவில் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கவோ, உதவி கேட்டுச் செய்தி அனுப்பவோ வேறு வழியில்லாவிட்டால், திறந்திருக்கும் எந்த இணைப்பையும் பாவிக்கலாம். ஆனாலும் நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை இல்லாமலாக்காது என்பது பிக்ஹ் விதி. மறுநாள் போய்ச் சொல்ல வேண்டும், ஏற்பட்ட செலவைக் கொடுக்கவும் முன்வர வேண்டும்.

2016இல் துபாயின் இஸ்லாமிய விவகாரத் திணைக்களமும் இதே முடிவைச் சொன்னது. அயலவர் அனுமதித்தால் பாவிக்கலாம், அனுமதிக்காவிட்டால் கூடாது.

வெளிச்சத்தைக் கூடப் பேணியவர்கள்

சட்டம் இதோடு முடிகிறது. பேணுதல் (வரஃ) இதற்கு அப்பாலும் போகும். பிஷ்ருல் ஹாபி (ரஹ்) அவர்களின் சகோதரி இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் வந்து கேட்ட கேள்வி 'ரிஸாலா அல்குஷைரிய்யா'வில் பதிவாகியுள்ளது. கூரை மீதிருந்து நூல் நூற்கும்போது ஆட்சியாளர்களின் தீவட்டிகள் தெருவில் போகின்றன, அந்த வெளிச்சத்தில் நூற்கலாமா என்பதே கேள்வி. அவர் யாரென்று அறிந்ததும் இமாம் அழுதார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் உண்மையான பேணுதல் வருகிறது என்று சொல்லி, அந்த வெளிச்சத்தில் நூற்க வேண்டாம் என்றார்கள்.

எல்லோரிடமும் இந்த அளவை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வெளிச்சத்துக்கே மனம் உறுத்திய முன்னோரைப் பற்றி பயானில் கேட்டுக் கண் கலங்கும் நாம், பாலைக் கறந்து கொண்டு 'காத்துல வந்தது' என்று சொல்லலாமா?

சட்டமும் சந்தேகமும்

நாட்டுச் சட்டமும் இதை விளையாட்டாக எடுப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அதிகாரமில்லை என்று தெரிந்தும் கணினியொன்றை அணுகுவதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு இலட்சம் ரூபாய் வரையான அபராதம், அல்லது 5 வருடம் வரையான சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் அயலவரின் வைஃபையைப் பாவித்த 17 வயது மாணவர் ஒருவருக்கு 2007 ஜனவரியில் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

பூட்டாமல் விட்டவருக்கும் ஆபத்து உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சலை இந்தியப் பொலிஸார் தேடிப் போனபோது, தடம் நவி மும்பையிலுள்ள ஒரு வெளிநாட்டவரின் வீட்டில் முடிந்தது. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. வேறு யாரோ பாவித்திருந்தார்கள். விசாரணைக்கு முகம் கொடுத்தவர் அவர். ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம், தன் வைஃபையைப் பாதுகாக்காமல் விட்டவர் பிறர் அதன் மூலம் செய்த பதிப்புரிமை மீறலுக்கு ஓரளவு பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

2019 ஏப்ரலுக்குப் பின், ஒரு போனில் என்ன இருக்கிறது என்பதற்காக எத்தனை வீடுகள் விளக்கம் சொல்ல நேர்ந்தது என்பதை நம் வாசகர் அறிவார்கள். அந்த வேதனை தெரிந்த நாம், அடுத்தவரின் பெயரில் உள்ள இணைப்பில் கண்டதையும் திறக்கலாமா? இணைப்பு ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் அடையாள அட்டையில் இருந்தால், பொலிஸில் வாக்குமூலம் கொடுக்க ஒரு நாள் சம்பளத்தை இழந்து போகப் போகிறவர் அவர்தான்.

கேட்டால் கொடுக்க வேண்டியவர்

எடுப்பவருக்கு மட்டும் உபதேசம் செய்து விட்டு நிறுத்தினால் அது பாதிச் சட்டம். ஸூறா அல்மாஊன், சிறிய புழங்கு பொருட்களைக் கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது. அயலவர் நம் சுவரில் மரம் பதிக்கக் கேட்டால் தடுக்கக் கூடாது என்பதும், தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைத் தடுக்கக் கூடாது என்பதும் நபிமொழிகளின் கருத்து. தோட்டத்தில் பீலித் தண்ணியைப் பங்கிடாமல் யாரும் வாழ முடியாது. பாடம் படிக்கும் பிள்ளைக்கு இணைப்பும் இன்று கிட்டத்தட்ட அப்படித்தான்.

அயலவர் யார் என்பதிலும் சந்தேகம் வேண்டாம். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, தமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் விசாரித்தார்கள். கடை மதகில் போனோடு குந்தியிருக்கும் லயத்துப் பிள்ளை நம் அயலவர். "யாரடா அது?" என்று விரட்டுவதற்குப் பதிலாக "என்ன பாடம் மகள்? உள்ளுக்கு வந்து இருந்து செய்யுங்க" என்று சொல்ல எவ்வளவு செலவாகும்?

நடைமுறையில் சில

ஒன்று, இணைப்பு வைத்திருப்பவர் பாஸ்வேர்ட் போட வேண்டும். தெரியாத அயலவருக்கு நம் பிள்ளைகள் போய்ப் போட்டுக் கொடுக்க வேண்டும், அதுவும் ஸதகாதான். பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைக்கும் வசதி உண்டு. பாடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாம்.

இரண்டு, கேட்பவர் எதற்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். பாடத்துக்கென்று வாங்கிய அனுமதியில் படம் இறக்கினால் அது அனுமதியை மீறியதாகும்.

மூன்று, இரண்டு மூன்று வீடு சேர்ந்து செலவைப் பங்கிடுவது எல்லாவற்றிலும் சுத்தமானது. சேவை ஒப்பந்தத்தை மட்டும் முதலில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

நான்கு, போன் தானாகவே இணைந்து விட்டால் குற்றமில்லை. தெரிந்த உடனே துண்டிக்க வேண்டும்.

ஐந்து, இதுவரை கேட்காமல் எடுத்தவர் தவ்பாவோடு நிறுத்த முடியாது. இது அடியானின் ஹக். உரியவரிடம் போய்ச் சொல்லி ஹலாலாக்கிக் கொள்ள வேண்டும்; அவர் கேட்டால் ஈடு கொடுக்க வேண்டும். ஒரு ரீலோட் கார்டோடு போனால் பேச்சைத் தொடங்குவது இலேசாக இருக்கும்.

கேட்பதற்கு வெட்கப்படுகிறோம் என்பதே பல இடங்களில் உண்மைக் காரணம். இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசினால் களவு கொடையாக மாறி விடும். அதே டேட்டாதான், அதே ரவுட்டர்தான். இடையில் ஒரு ஸலாமோ வணக்கமோ மட்டும் வந்து சேர்கிறது.

வல்லாஹு அஃலம்.