துடைப்பத்தைக் கீழே வையுங்கள்

மேட்டுப்பாளையத்தில் எங்கள் தெருவில் மழை பிடித்துவிட்டால் எனக்கு அழைப்பு வரும். "டீச்சர், வௌவாலாட்ட என்னமோ செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க. வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஆந்தைக்கண் அந்துப்பூச்சிதான். கரும்பழுப்பு நிறம். இறக்கையை விரித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுமார் 12 சென்டிமீட்டர். முன்னிறக்கை இரண்டிலும் விழித்துப் பார்க்கும் பெரிய கண் வடிவம். பகலில் இருட்டு மூலை தேடி வீட்டுக்குள் வந்து ஒண்டும். இரவானால் அழுகிய பழச்சாறு குடிக்கப் போய்விடும். கடிக்காது, கொட்டாது. பீரோவில் பட்டுப்புடவையை அரிப்பது இதுவல்ல. அது விரல் நகத்தளவுகூட இல்லாத வேறொரு பூச்சியின் புழு. அந்தப் பழியையும் சேர்த்து இதன்மேல் போட்டு, துடைப்பத்தால் அடித்துக் கொல்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வண்ணத்துப்பூச்சியை யாரும் அடிப்பதில்லை. இந்தியாவில் அவை சுமார் 1,300 வகை. அந்துப்பூச்சிகளோ 10,000-க்கும் மேல். அவ்வளவையும் யாராலும் படித்து முடிக்க முடியாது. ஆனால் அவற்றில் உடம்பால் பெரியவை கொஞ்சம்தான். பூதக்கண்ணாடி இல்லாமலே, வடிவத்தை வைத்தே பெயர் சொல்லிவிடலாம். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் நிற்கிற என் போன்றவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: நாம் வீடு திரும்பிய பிறகுதான் அவை கிளம்புகின்றன.

பெரியவற்றிலும் பெரியது அட்லஸ். கல்லாறு, பர்லியார் பக்கம் சாலையோர விளக்குகளுக்கு எப்போதாவது வரும். செம்பழுப்பு இறக்கை ஒவ்வொன்றிலும் கண்ணாடி பதித்த ஜன்னல்போல் ஒளி ஊடுருவும் முக்கோணம். முன்னிறக்கையின் நுனி பாம்பின் தலைபோல் வளைந்திருக்கும். இவ்வளவு பெரிய உயிருக்கு உண்ண வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்புதான் கடைசிவரை சாப்பாடு. அது ஒன்று, இரண்டு வாரத்துக்கு வரும். அதற்குள் பெண் பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து காற்றில் மணம் விட, இறகு போன்ற உணர்கொம்புகளால் ஆண் அதை மோப்பம் பிடித்து வந்து சேர வேண்டும். ஆகவே உணர்கொம்பு அகலமாக, அடர்த்தியாக இருந்தால் ஆண் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நிலா அந்துப்பூச்சியை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வெளிர்பச்சை இறக்கை, பின்னால் இரண்டு நீண்ட வால். அந்த வால் அலங்காரத்துக்கு இல்லை. அமெரிக்காவில் இதன் உறவான லூனா அந்துப்பூச்சியை வௌவால்களோடு விட்டுச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பறக்கும்போது சுழலும் வால், வௌவாலின் எதிரொலிக் கணக்கைத் திசைதிருப்புகிறது. அது வாலைக் கடிக்கிறது, பூச்சி தப்பிவிடுகிறது.

அடுத்து, உடம்பு பின்னால் கூர்ந்து, இறக்கை ஒடுங்கி, பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் பருந்து அந்துப்பூச்சிகள். என் மாணவிகளுக்கு இவைதான் பிடித்தம், புழுவிலேயே ஆரம்பித்துவிடலாம். நந்தியாவட்டைக்கோ அரளிக்கோ அடியில் கருமையான உருண்டை எச்சங்கள் கிடந்தால் மேலே தேடுங்கள். தடித்த பச்சைப் புழு, தலைப்பக்கம் இரண்டு நீலக் கண் புள்ளிகள், வாலில் சிறு கொம்பு. அது கூட்டுப்புழுவாகி, பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த பூச்சியாக வெளிவரும். எள் விளையும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கூட்டத்தில் இன்னொன்று அறிமுகமாகியிருக்கும். முதுகில் மண்டையோட்டு உருவம். தொட்டால் கீச்சென்று கத்தும். தேன்கூட்டுக்குள் நுழைந்து தேன் திருடும்.

பார்க்கும் வழி எளிது. அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான ராத்திரி. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, முன்னால் ஒரு விளக்கு. பூச்சிகளை ஈர்க்கும் புற ஊதா ஒளி எல்இடி பல்பில் அநேகமாக இல்லை. பழைய டியூப்லைட்டுக்கு நன்றாக வரும். ஆந்தைக்கண் வகைக்கு விளக்கைவிட, கனிந்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து புளிக்கவைத்து மரத்தில் பூசினால் பலன் அதிகம். மேலிருந்து நேராக ஒரு படம், உணர்கொம்பு தெரிய ஒரு படம், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம், கூடவே தேதியும் ஊரும். எந்தச் செடியில் இருந்தது என்பதையும் எழுதினால் பாதி வேலை முடிந்தது. ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள். நம் மலையில் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்த ஜார்ஜ் ஹாம்ப்சனுக்கு அந்த வசதி இல்லை. நீலகிரியில் அந்துப்பூச்சி மோகம் பிடித்து, 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். குத்திவைத்த பூச்சிகளை வைத்து வேலை செய்த காலம் அது. இன்று அந்த ஊசி நமக்கு வேண்டாம். பல இனங்களைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பகல்நேரத்துக்கு வண்ணத்துப்பூச்சி இருக்கவே இருக்கிறது. உணர்கொம்பின் நுனி குமிழாக இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி; விதிவிலக்குகள் மிகக் குறைவு. கல்லாற்று ஈர மணலில் ஆண் பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சுவதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட ஆரஞ்சு நிறத் தமிழ் மறவனைப் பார்க்க மலை ஏற வேண்டும். ஆனால் கறிவேப்பிலைச் செடிக்கு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தானாக வரும். அதன் இளம் புழு பறவை எச்சம் போலவே இருப்பதால் பறவை தொடாது. வளர்ந்தபின் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். வகுப்பில் இதைக் காட்டினால், பிறகு நான் பாடம் நடத்தவே வேண்டாம், கேள்விகளே நடத்திவிடும்.

ஐப்பசி மழை வருகிறது. மாடியில் விளக்கு வைப்பவர்கள் நள்ளிரவுக்குள் அணைத்துவிடுங்கள். விடியும்வரை எரிந்தால் அசந்து கிடக்கும் பூச்சிகளைக் கரிச்சான் வந்து கொத்தித் தின்றுவிடும். சுவரில் பெரியதாக எது ஒட்டியிருந்தாலும் ஒரு பகல் விட்டுவையுங்கள், இருட்டியதும் போய்விடும். கறிவேப்பிலையில் ஒரு கிளைக்கு மட்டும் மருந்து அடிக்காமல் புழுவுக்கு விடுங்கள்.