ஒளிர்வுவழி அடுக்குக் கலப்பும் ஓலைச்சுவடிப் படங்களும்

முன்னுரை

நடுப்பகுதி வெளிர்ந்தும் ஓரங்கள் கருத்தும் உள்ள ஓலைச்சுவடி ஏட்டை ஒரே படத்தில் முழுமையாகக் காட்டுவது எளிதன்று. நடுப்பகுதிக்கு ஏற்ற வெளிச்ச அளவில் எடுத்தால் ஓரத்து எழுத்துகள் இருளில் மறையும்; ஓரத்திற்கு ஏற்ற அளவில் எடுத்தால் நடுப்பகுதி வெளிறும். ஆகவே, இரு அளவுகளில் எடுத்த படங்களை அடுக்குகளாக வைத்து இணைக்க நேர்கிறது. அதற்குப் பயன்படும் ஒளிர்வுவழிக் கலப்பின் இயங்குமுறையையும், சுவடிப் படங்களில் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இயங்குமுறை

8 பிட் படத்தில் ஒளிர்வானது 0 (கருமை) முதல் 255 (வெண்மை) வரையிலான எண்ணால் குறிக்கப்பெறும். அடோபி போட்டோஷாப்பின் ‘லேயர் ஸ்டைல்’ சாளரத்திலுள்ள ‘பிளெண்ட் இஃப்’ என்னும் வசதி, இவ்வெண்ணைக் கொண்டு மேலடுக்கில் எப்பகுதி தெரியவேண்டும் என்பதை முடிவு செய்கிறது. அதிலுள்ள ‘திஸ் லேயர்’ பட்டை மேலடுக்கின் ஒளிர்வையும், ‘அண்டர்லையிங் லேயர்’ பட்டை கீழடுக்கின் ஒளிர்வையும் அளவுகோலாகக் கொள்ளும்.

இரண்டாம் பட்டையின் வெள்ளை முனையை ஆல்ட் விசையை அழுத்தியவாறு இழுத்தால் அது இரு பாதிகளாகப் பிரியும். அவற்றை 60, 100 ஆகிய நிலைகளில் நிறுத்தினால், கீழடுக்கின் ஒளிர்வு 60 வரை உள்ள இடங்களில் மேலடுக்கு முழுமையாகத் தெரியும். 80இல் பாதியளவு தெரியும். 100க்கு மேல் முற்றிலும் மறையும். முனையைப் பிரிக்காவிடின் இரு படங்களும் சேருமிடத்தில் வெட்டுக்கோடு தோன்றும். இம்முறையில் படப்புள்ளிகள் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன. ஆதலால் அமைப்பை எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம்.

சுவடிப் படத்தில் எழும் சிக்கல்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். கீழடுக்கில் நடுப்பகுதி ஓலையின் ஒளிர்வு 180, எழுத்தின் ஒளிர்வு 40. ஓரத்து ஓலை 60, எழுத்து 20 எனக் கொள்வோம். கூடுதல் வெளிச்சத்தில் எடுத்த மேலடுக்கில் ஓரத்து ஓலை 150 ஆகவும் எழுத்து 50 ஆகவும் உள்ளன. மேற்கூறிய அமைப்பில் ஓரத்தின் வேறுபாடு 40இலிருந்து 100 ஆக உயர்கிறது, எழுத்துகள் தெளிவாகின்றன.

ஆனால், நடுப்பகுதி எழுத்தின் ஒளிர்வும் 60க்குக் கீழ் இருப்பதால் அங்கும் மேலடுக்கே தெரிகிறது. அவ்வடுக்கில் அவ்வெழுத்தின் அளவு 100 எனில், நடுப்பகுதியின் வேறுபாடு 140இலிருந்து 80 ஆகக் குறைகிறது. ஓரத்தைத் தெளிவாக்கிய அமைப்பே நடுப்பகுதி எழுத்தை மங்கச் செய்கிறது. எழுத்தாணிக் கீறலில் படிந்த கரியையும் ஓலையில் படிந்த கறையையும் மென்பொருள் பிரித்தறியாது. அது அறிவது எண்ணை மட்டுமே.

தீர்வு

ஒளிர்வு வரையறையுடன் இட வரையறையும் சேரவேண்டும். மேலடுக்கிற்கு ‘லேயர் மாஸ்க்’ அமைத்து, நடுப்பகுதியைக் கருமையாலும் ஓரங்களை வெண்மையாலும் நிரப்பி, இடைப்பட்ட எல்லையை மென்மையாக்கினால், கலப்பு ஓரங்களில் மட்டும் நிகழும்.

முடிவுரை

சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. பல இடங்களில் ஏகார ஓகாரங்களின் நெடிலும் குறிலும் வேறுபடுத்தப்படுவதில்லை. இத்தகைய எழுத்துமுறையில் மங்கிய ஒரு கோடும், எழுத்தெனத் தோன்றும் ஒரு கறையும் பாடத்தையே மாற்றவல்லன. எனவே, கலந்த படத்தைப் படிப்பதற்குரிய துணையாகக் கொள்வதே தகும். பாடவேறுபாட்டிற்குச் சான்றாக அமைய வேண்டியவை கலவாத மூலப்படங்களே. அவற்றைப் பேணுவதோடு, கலப்பில் பயன்படுத்திய எண்களையும் பதிவு செய்தால், பின்வரும் ஆய்வாளர் அப்பாடத்தை மீண்டும் சரிபார்க்க இயலும்.