வாசலில் நின்ற ஆறு பேர்

கதைப் புத்தகத்துக்காகவும் மனிதர் சண்டை பிடிப்பார்களா என்று சகோதரிகள் கேட்கலாம். பிடித்திருக்கிறார்கள்.

1939 ஜூலை 2இல் நியூயோர்க்கில் விஞ்ஞானப் புனைகதை வாசகர்களின் முதலாவது உலக மாநாடு கூடியது. வந்தோர் ஏறத்தாழ 200 பேர், பெரும்பாலும் வாலிபர்கள். விண்கலம், வேற்றுக்கிரகம் என்று வாசிப்பதைப் பிறர் பரிகசித்த காலம் அது. ஒத்த மனமுள்ளோரைத் தேடி வந்த அந்த இடத்திலேயே ஆறு பேர் வாசலில் தடுக்கப்பட்டனர். அவர்கள் 'பியூச்சரியன்ஸ்' என்ற எதிரணிச் சங்கத்தினர். இடதுசாரிகள், கூட்டத்தைக் குழப்பிவிடுவார்கள் என்று அமைப்பாளர்கள் அஞ்சினராம். எனக்கோ சங்கங்களின் பழைய போட்டியே பெரிதாகப் படுகிறது. தடுத்தவர்களில் ஒருவரான சாம் மொஸ்கோவிட்ஸுக்கு வயது 19. வெளியே நின்ற பிரெடரிக் போலுக்கும் 19! அதே சங்கத்து ஐசாக் அசிமோவ் உள்ளே விடப்பட்டார். போல் பிற்காலத்தில் அத்துறையின் பேர்பெற்ற பத்திராதிபரானார். வெளியே நின்ற இன்னொருவரான டொனால்ட் வோல்ஹைம் 1971இல் சொந்தப் பதிப்பகமே தொடங்கினார்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தும் ரசிகர்களிடையே வாசற்காவல் ஒழியவில்லை. இம்முறை பார்த்தது சங்கத்தையல்ல, இனத்தை. 2017இல் வெளியான 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் நடித்த கெலி மேரி டிரான், வியட்நாமிலிருந்து வந்த அகதிகளின் மகள். ரசிகர் என்ற பெயரில் சிலர் அவரது இனத்தையும் உருவத்தையும் இழித்து எழுதினர். 2018இல் அவர் தமது இன்ஸ்டகிராம் பதிவுகளையெல்லாம் நீக்கினார். வேறு ரசிகர்கள் அவருக்காகப் பரிந்து பேசியதையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வாண்டு ஒகஸ்டில் பத்திரிகையொன்றில் அவர் கட்டுரை எழுதினார். அமெரிக்கர் நாவுக்கு இலகுவாகப் பெற்றோர் தம் பெயர்களை மாற்றிக்கொண்டதைச் சொல்லி, தம் வியட்நாமியப் பெயரை அதில் வெளிப்படையாக எழுதினார்.