கறி சுட எந்தக் கட்டை?

போன டிசம்பரில் நம் சங்கத்துப் பிக்னிக்கில் கோழி சுட அடுப்பு மூட்டினோம். இளைஞர் ஒருவர் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைத் துண்டுகளைக் கொண்டு வந்திருந்தார். "நல்ல வைரம் பாய்ந்த மரம், அங்கிள்!" என்று பெருமை வேறு. வேண்டாம் என்று நான் தடுத்ததில் அவருக்கு வருத்தம்தான்.

முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன். கான்கிரீட் ஸ்லீப்பர் பரவுவதற்கு முன், தேவதாரு, பைன் கட்டைகளைக் கரையான் அரிக்காமலிருக்க, கிரியோசோட் என்ற தார் எண்ணெயை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுவார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சரக்கு அது. எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் முழுதாகப் போகாது. எரித்தால் அந்தப் புகை கறியில்தான் படியும். பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் அப்படியே ஆகாதவை.

பின் எது நல்லது? பிசின் இல்லாத, நன்றாகக் காய்ந்த கெட்டி மரம். மா, கொய்யா கிடைத்தால் விடாதீர்கள். புகை மென்மையாக இருக்கும். தில்லியில் விலாயத்தி கீக்கர் என்கிறார்களே, அது நம்மூர்ச் சீமைக் கருவேலம்தான்! அதன் உறவான மெஸ்கீட் கட்டையில்தான் டெக்சாஸ்காரர்கள் கறி சுடுகிறார்கள். தணல் நின்று எரியும். ஆனால் புகை காரமானது. தீ அடங்கித் தணலான பிறகே கறியை வையுங்கள். ஈர விறகு கரிப்புகையும் கசப்பும்தான் தரும். அரளிக் குச்சியில் கறி கோக்கவே கூடாது, விஷம்.

அன்று பக்கத்து டாபாவில் மாங்கட்டை வாங்கி வந்து மூட்டினோம். சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம். வெந்த முதல் துண்டை என் தட்டில் வைத்தவர் அந்த இளைஞர்தான்.